காலி முக்காலியிடம் நீட்டிய கீரை

சௌ டோக்
9 அக்டோபர் 1994, ஞாயிறு

லுவா,

எழுத்து ஏன் இவ்வளவு பெரிது என்று யோசிக்காதே. கிட்டத்தில் இருக்கும் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கருமணி இன்னும் சுருங்கவில்லை, வெயிலில் நடமாடாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தாளைத் தள்ளி வைத்துக்கொண்டு, கையை நீட்டி எழுதுகிறேன்.

நான் உன் கீரைக் கூடையை ஆற்றில் எறிந்தேன் என்று கோபித்துக்கொண்டு உன் அப்பா வீட்டுக்குப் போனவள் நீ. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் எழுதவில்லை. ஆனால் கூடை மட்டும் தினமும் விடிவதற்கு முன் சின் அக்காவின் படகில் வந்துகொண்டிருந்தது. அகத்திப்பூ, சிற்றகத்திப்பூ, சீவிய வாழைப்பூ, வள்ளைக்கீரை. இவளுக்குக் கோபம் என் மேல்தான், நம் நூடுல்ஸ் கடை மேல் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது என்ன நினைப்பதென்றே தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை என் கிண்ணத்தில் இருந்தது அகத்திப்பூ இல்லை. ஊமத்தம்பூ. நான் வாந்தி எடுத்ததை அலசிப் பார்த்து டாக்டர் சொன்னார். மழை என்பதால் கடையில் கூட்டம் இல்லையாம். முதல் கிண்ணம் வழக்கம்போல லாட்டரிச் சீட்டு விற்கும் ஹான் அம்மாவுக்காம். இரண்டாவது எனக்காம். 'இல்லையாம்', 'எனக்காம்' என்று எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு எதுவுமே நினைவில்லை. புதன்கிழமை இரவு மீனைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தேன். கண் விழித்தால் ஆஸ்பத்திரி. நடுவில் இருந்த நாட்களை யாரோ வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் பிழைத்துவிட்டேன். ஹான் அம்மாவைப் பற்றி இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். நேற்றுப் பக்கத்துக் கூடத்தில் எட்டிப் பார்த்தேன். காற்றில் எதையோ ஒவ்வொன்றாகப் பறித்துப் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "தம்பி, படகு கெளம்பிருச்சா?" என்றாள். அவளுடைய மகன்கள் இருவரும் என் கட்டிலுக்கு வந்தார்கள். "பூ எங்கேருந்து வருது?" என்று பெரியவன் கேட்டான். "வாம் சையிலேருந்து. எம் பொண்டாட்டி அனுப்புறா" என்றேன். வேறு என்ன சொல்லுவேன்?

லுவா, கைதவறி விழுந்துவிட்டதா? அதை மட்டும் சொல். நீ அகத்தி மரத்தடியில் பிறந்து வளர்ந்தவள். உனக்குக் கை தவறும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று. இன்று காலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைத்தெருவில் ஒருவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நான் மயக்கத்தில் இரண்டு நாள் ஓயாமல் பேசினேனாம். என்ன பேசினேன் என்று கேட்டால், "அத விடுங்க" என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

தோவான்

*

வாம் சை
11 அக்டோபர்

பெயர் போட்டுக் கூப்பிட்டு எழுத மனம் வரவில்லை. இது உங்களுக்குத்தான்.

உங்கள் கடிதத்தைச் சின் அக்கா நேற்று மாலை கொடுத்தாள். படகுத்துறையிலேயே நின்று பிரித்தேன். அவள் என்னிடம் வெள்ளிக்கிழமை சொன்னது இவ்வளவுதான்: "ஒம் புருஷனுக்கு வயித்துக் கோளாறு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல." வயிற்றுக் கோளாறுக்கெல்லாம் நான் ஏன் ஓடிவர வேண்டும் என்று வீம்பு பிடித்து இருந்துவிட்டேன். ஊமத்தை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நீந்தியாவது வந்திருப்பேன். அந்த ஆத்திரம் ஒருபக்கம் இருக்கட்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கைதவறவும் இல்லை, வேண்டுமென்று போடவும் இல்லை. வியாழக்கிழமைக் கூடை உங்களுக்கு வரவே இல்லை.

அன்று காற்றும் மழையும் எப்படி அடித்தது என்று உங்களுக்கு நினைவில்லாமல் போயிருக்கலாம், ஊரில் யாரையாவது கேளுங்கள். கால்வாய் முடிந்து பெரிய ஆற்றில் திரும்பும் இடத்தில் அலை படகுக்குள் ஏறியதும் சின் அக்கா அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். கூடையை என் வாசலில் இறக்கிவைத்து, "இன்னிக்கு நீங்களே தின்னுங்க" என்றாள். மத்தியானம் அந்தப் பூவைப் போட்டுப் புளிக்குழம்பு வைத்தேன். நானும் அப்பாவும் தின்றோம். மிச்சத்தை மறுநாளும் தின்றோம். உயிரோடுதான் இருக்கிறோம்.

ஆனால் உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே அந்த இரண்டு பேரும் வந்துவிட்டார்கள்.

நேற்றுக் காலை. வெள்ளம் ஏறிய வயலில் நான் தோணியில் நின்று பூப் பறித்துக்கொண்டிருந்தேன். ஒரு மோட்டார்ப் படகு வந்து நின்றது. இரண்டு பேர் கையிலும் வெட்டுக்கத்தி.

"இதுதானா அந்த மரம்?"

"எந்த மரம்ப்பா?"

"எங்கம்மாவக் கிறுக்காக்குன மரம்."

"யாரு சொன்னது?"

"ஒம் புருஷன்தான் சொன்னாரு. வேற யாரு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் கடிதம் அப்போது கைக்கு வரவில்லையே. ஏதோ குடித்துவிட்டு வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய் முதல் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர்கள் அவரை அடிக்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கி, என் தோணியில் பத்திரமாக உட்காரவைத்தார்கள். சின்னவன் அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தும் விட்டான். பிறகு வெட்டினார்கள். அகத்தி மெத்தென்ற மரம், வெட்ட நேரமே ஆகவில்லை. வரப்போரம் இருந்தது அத்தனையும் போயிற்று. தண்ணீர் முழுக்க வெள்ளைப் பூ மிதந்தது. அடுத்த வீட்டு வாத்துகள் வந்து தின்றன. ஒரு வாத்துக்கும் கிறுக்குப் பிடிக்கவில்லை.

அப்பா இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு விஷயம்தான் எனக்கு விளங்கவில்லை. கூடை வரவில்லை என்றால், உங்கள் கையில் பூ எங்கிருந்து வந்தது? எங்கிருந்தோ வந்ததென்றே வைத்துக்கொள்வோம். ஊமத்தையை நறுக்கினால் வருகிற நாற்றத்துக்கு நாய்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நீங்கள் அதை நறுக்கித் தட்டில் வைத்துச் சாப்பிட்டும் இருக்கிறீர்கள். உங்கள் மூக்கு எங்கே போயிருந்தது?

லுவா

*

சௌ டோக்
13 அக்டோபர்

லுவா,

உன் கடிதத்தைக் கடைப் படியில் உட்கார்ந்து படித்தேன். மரங்களை வெட்டிவிட்டார்களா? நான் சொன்ன ஒரு வார்த்தைக்கா?

எழுந்து கடையின் பின்பக்கம் போனேன். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அன்றிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. முன்கூடைக்குள் பார்த்தேன். வாடிச் சுருண்ட இலைகள் கிடந்தன. நடுவில் உருண்டையாக, மேலெல்லாம் முள்ளோடு ஒரு காய். கையில் எடுத்தேன். குத்தியது. என் சைக்கிள், என் கூடை, அதற்குள் ஊமத்தங்காய். அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. யாரோ வேறொருவன் என் வீட்டில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

ஸாம் மலையடிவாரத்துக்குப் போனேன். வெள்ளம் ஏறாத மேட்டு நிலம் இங்கே அது ஒன்றுதான். பூ பறிக்கக் கிளம்பியிருந்தால் அங்கேதான் போயிருப்பேன். கல்லறைகளுக்குப் போகும் வழியில் ஊதுபத்திக் கடை வைத்திருக்கும் அம்மாள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"வடக்கத்தியாரே! பொழச்சிட்டீங்களா?"

"என்னைய இங்க பாத்தீங்களா?"

"பாத்தேனாவா? விடியக்காலம் கொட்டுற மழையில சைக்கிள்ல வந்து கல்லறை ஓரமா பறிச்சீங்களே! 'ஐயா, அது திங்கிற பூ இல்ல'ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். 'சரி சரி'ன்னு கையக் காட்டிட்டுப் போயிட்டீங்க. பொணத்துக்குச் சாத்தத்தான் பறிக்கிறாரோன்னு நெனச்சேன்."

ஆக, நான்தான். கூடை வரவில்லை என்று பார்த்திருப்பேன். கடை திறக்க வேண்டும். தட்டில் பூ இல்லாவிட்டால் இந்த ஊர்க்காரர்கள் விரால் மீன் நூடுல்ஸைத் தொடமாட்டார்கள். அகத்தியை நான் மரத்திலிருந்து பறித்ததே இல்லை. நீ காம்பு கிள்ளி, நடுநரம்பை உருவி அனுப்பிய பூதான் எனக்குத் தெரியும். விரியாத மொட்டு, நீளம், வெள்ளை. போதும் என்று பறித்திருக்கிறேன்.

நேராக ஹான் அம்மா வீட்டுக்குப் போனேன். மகன்கள் இருவரும் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். "பூ என் பொண்டாட்டி அனுப்புனது இல்ல. நானே பறிச்சது" என்றேன். காயையும் காட்டினேன். சின்னவன் பாய்ந்து என் சட்டையைப் பிடித்தான். அடிப்பான் என்று நினைத்து நின்றேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். பெரியவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "டேய், விடுடா அவர" என்றான். பிறகு, "அந்தப் பெரியவரத் தூக்கி வெச்சிட்டு வெட்டுனோமே" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவர்கள் அம்மா இன்னும் பெரியவனை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. செத்துப்போன புருஷன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளாம்.

உன்னிடமும் மாமாவிடமும் எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியவில்லை. எந்த வாயால் உன்மேல் பழி போட்டேனோ அந்த வாயாலேயே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பறித்தவன் நான் என்று.

மூக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். இருட்டு, மழை, அவசரம். மழையில் எதுவும் மணக்காது.

நான் என்ன பேசினேன் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. சின் அக்கா வெள்ளிக்கிழமை இங்கே இருந்தாளாம். உன்னிடம் சொன்னாளா?

தோவான்

*

வாம் சை
16 அக்டோபர்

உங்களுக்கு,

மழையில்தான் கீரை கூடுதலாக மணக்கும். எந்தச் சமையல்காரனுக்கும் அது தெரியும். அந்த ஒரு வரி பொய் என்று படித்த உடனேயே தெரிந்தது. ஏன் பொய் என்றுதான் தெரியவில்லை. நேற்றுச் சின் அக்காவைப் படகோடு பிடித்து நிறுத்தினேன். "சொல்லாம இந்தக் கயித்த அவுக்க மாட்டேன்" என்றேன்.

அவள் முதலில் மழுப்பினாள். "புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம். நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் சொன்னதை அவள் வாயால் வந்தபடியே எழுதுகிறேன். நீங்களும் கேட்க வேண்டும்.

"வெள்ளிக்கெழம நான் கூடைய எறக்க வந்தா, ஒம் புருஷன் கடை வாசல்ல நிக்கிறாரு. ஆஸ்பத்திரிலேருந்து நழுவி வந்துட்டாரு போல. கால்ல செருப்பில்ல. கண்ணு ரெண்டும் முழுக்கக் கறுப்பா இருக்கு. எங்கையிலேருந்து கூடைய வாங்குனாரு. ஒரு முக்காலிய எடுத்து நடுத்தெருவுல போட்டாரு. அதுக்கு முன்னால குத்துக்காலிட்டு ஒக்காந்தாரு. முக்காலில யாருமில்ல, லுவா. ஆனா நீ ஒக்காந்திருக்கிற மாதிரியே பேசுறாரு.

"ஒவ்வொரு கட்டா எடுத்து நீட்டுறாரு. 'லுவா, இது மணக்குதா? நேத்துள்ளதா, இன்னிக்குள்ளதா? நீ மோந்து பாத்துச் சொல்லு. யாருக்கும் கேக்காம மெல்லச் சொல்லு'ங்கிறாரு. திருநீத்துப்பச்சிலைய நீட்டுறாரு. நீளக் கொத்தமல்லிய நீட்டுறாரு. அப்பறம் உள்ள போயி ஒரு கரண்டிச் சாறு மொண்டு வந்து முக்காலிகிட்ட புடிக்கிறாரு. 'மீன் வாடை அடிக்குதா? எனக்கு ஒண்ணுமே தெரியல லுவா. காய்ச்சல் வந்ததுலேருந்து ஒண்ணுமே தெரியல. ஒன் தலைமுடிகூட மணக்கல'ங்கிறாரு. ஒரு பதிலும் வரலியா, முக்காலியப் புடிச்சிக்கிட்டு அழுவுறாரு. சந்தையே நின்னு பாத்துச்சு. மீன்காரிங்க எல்லாம் கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க. நாலு பேராத் தூக்கித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்."

இவ்வளவுதான் அவள் சொன்னது.

பிப்ரவரியில் தெத் புத்தாண்டு முடிந்து உங்களுக்கு வந்த காய்ச்சல். அப்போதிருந்தா? எத்தனை மாதம்! நான் உங்கள் பக்கத்தில் படுத்திருந்தேன். உங்கள் பக்கத்தில் நின்று வெங்காயம் அரிந்தேன். எனக்குத் தெரியவில்லையே!

இப்போது ஒவ்வொன்றாக விளங்குகிறது. நான் புதுச் சோப்புப் போட்டுக் குளித்த அன்று, "நல்லாயிருக்கு" என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னீர்கள். சட்டியில் பூண்டு கருகியபோது நான்தான் வாசலிலிருந்து ஓடிவந்தேன், நீங்கள் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். நம் சண்டை நடந்த காலையில் நான் என்ன கேட்டேன்? வயலில் முளைக்கும் சீரக வாசனைக் கீரையை உங்கள் மூக்கருகில் நீட்டி, "இது வாடை மாறிருச்சா பாருங்க" என்றேன். கடை நிறைய ஆட்கள். நீங்கள் கூடையைப் பிடுங்கி, "மாட்டுத் தீவனம்! நீயும் ஒன் ஊர்க்காரங்களும் தின்னுங்க!" என்று ஆற்றில் எறிந்தீர்கள். இத்தனை வருடம் இந்த ஊர் உப்பைத் தின்றும் வடக்கத்தியான் வடக்கத்தியான்தான், என் மண்ணே அவருக்கு அருவருப்பு என்று நினைத்துத்தான் நான் கிளம்பி வந்தேன்.

மரம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அகத்தி ஒரு வருடத்தில் வளர்ந்துவிடும். என்னிடம் சொல்லாததை ஒரு காலி முக்காலியிடம் சொன்னீர்களே, அதை எப்படிப் பொறுப்பது? நான் அந்த முக்காலியில் தினமும் உட்கார்ந்திருந்தேனே!

இனிமேல் கூடையும் வராது. அனுப்ப ஒன்றும் இல்லை.

லுவா

*

சௌ டோக்
19 அக்டோபர்

லுவா,

கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் செய்த வேலை கடையின் பலகைக் கதவுகளைச் சாத்தியதுதான். ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்குக் காய்கறி நிறுத்துக் கொடுத்தவளுக்கு, ஐஸ் கொண்டுவந்தவனுக்கு, எல்லாருக்கும். அத்தனை பேருக்கும் முன்னால் நான் கரண்டியைத் தூக்கி முகர்ந்து பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருநாள் முழுக்க இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

உண்மைதான். காய்ச்சல் விட்ட காலையில் நீ இஞ்சிக் கஞ்சி கொண்டுவந்தாய். வாயில் சூடு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. சளி இறங்கினால் சரியாகிவிடும் என்றிருந்தேன். சளி இறங்கியது. சரியாகவில்லை. உன்னிடம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். சமையல்காரனுக்கு மூக்கு இல்லை என்றால் அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? நாம் இரண்டு பேரும் அந்தச் சட்டியைச் சுற்றித்தானே குடும்பம் நடத்துகிறோம்? அதனால் கண்ணால் சமைத்தேன். மஞ்சளின் நிறம் பார்த்து, எலுமிச்சம்புல்லை எண்ணிப் போட்டு, சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்த்து. யாரும் முகம் சுளிக்கவில்லை. பிழைத்தேன் என்று நினைத்தேன்.

நேற்று மத்தியானம் யாரோ பலகையை உதைத்தார்கள். திறந்தால் ஹான் அம்மா! ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறாள். இரண்டு மகன்களும் இரண்டு பக்கம் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். காலில் விழப் போனேன்.

"எந்திரிய்யா. எனக்குப் பசிக்குது. சட்டி ஏன் காலியா இருக்கு?"

"அம்மா, எனக்கு மூக்கு..."

"தெரியும்."

"நான் அப்போ மயக்கத்துல..."

"நீ மயக்கத்துல சொன்னது நேத்துப் பெஞ்ச மழை. எனக்கு மே மாசமே தெரியும். ஒஞ்சாறுல மீன் வாடை தூக்கி அடிச்சுச்சே! கழுவுன தண்ணி மாதிரி இருந்துச்சு. மூக்கு உள்ளவன் அந்தச் சட்டிகிட்ட நிப்பானா?"

"பின்ன ஏன் தெனமும் வந்தீங்க?" என்றேன்.

"கீரைத் தட்டு எதுக்கு வெச்சிருக்கே? பச்சிலைய ரெண்டு மடங்கு கிள்ளிப் போட்டேன். எலுமிச்சம்பழத்தக் கூடப் பிழிஞ்சேன். வாழைப்பூவ அள்ளிப் போட்டேன். வாடை போயிருச்சு. எல்லாரும் அதானே செஞ்சாங்க? ஒனக்குத்தான் முகத்தப் பாக்கத் தெரியுதே, கையப் பாக்க மாட்டியா? ஒம் பொண்டாட்டியோட கூடைதாண்டா இத்தன நாளா ஒன் கடைய நடத்துச்சு!"

லுவா, ஊமத்தம்பூவால் எனக்கு வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நான் எதை மாட்டுத் தீவனம் என்று எறிந்தேனோ அதை வைத்துத்தான் ஒவ்வொருவரும் அவரவர் கிண்ணத்தை, எனக்குத் தெரியாமல், என்னை நோகடிக்காமல், சரிசெய்து சாப்பிட்டிருக்கிறார்கள். தட்டில் இலை எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று நான் பெருமைப்பட்டேன். என் சாறு அவ்வளவு ருசி என்று!

மகன்கள் ஞாயிற்றுக்கிழமை வாம் சைக்கு வருகிறார்கள். எங்கிருந்தோ அகத்திக் கன்று வாங்கி ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வடிந்ததும் நட்டுத் தருகிறோம் என்று மாமாவிடம் கேட்கப் போகிறார்களாம். அவர் விரட்டினால் விரட்டட்டும்.

நானும் அவர்களோடு வரலாமா? நீ வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

தோவான்

*

வாம் சை
24 அக்டோபர்

தோவான்,

நான் பதில் எழுதவில்லை, நீங்களும் வரவில்லை. அது சரி. வந்திருந்தால் அப்பா முன்னால் அழுது தொலைத்திருப்பேன்.

அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். கரை ஏறாமல், தண்ணீரிலேயே நின்றபடி பேசினார்கள். அப்பா ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "கன்னு வேர் விட்டிருக்கா?" என்றார். வெட்டிய நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு மூவரும் உட்கார்ந்து வேரைப் பார்த்தார்கள். எனக்கு அவர்கள் மேல் இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனாலும் சோறு போட்டேன்.

நீங்கள் இங்கே வர வேண்டாம். நான் வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைப் படகில். ஹான் அம்மாவும் மற்றவர்களும் உங்களுக்காக இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். என்னால் அப்படி முடியாது. சாறு நாறினால் நாறுகிறது என்று சத்தமாகச் சொல்லுவேன். கடையில் ஆள் இருந்தாலும் சொல்லுவேன். கரண்டியைத் தூக்கி எறிந்தீர்கள் என்றால் அதே படகில் திரும்பிவிடுவேன்.

இன்னொன்றும் உண்டு. முக்காலியிடம் கேட்டதை என்னிடம் கேட்க வேண்டும். மெல்ல இல்லை. கடை வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, சுயபுத்தியோடு. "எனக்கு மணம் தெரியல, நீ பாத்துச் சொல்லு" என்று. உங்களால் முடியாதென்றால் இப்போதே எழுதிவிடுங்கள்.

லுவா

*

சௌ டோக்
26 அக்டோபர்

லுவா,

முடியுமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வராமல் போனால் என்ன செய்வது? அதனால் இன்று காலை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடலாம் என்று கடை வாசலுக்கு வந்தேன். சந்தை நேரம். எல்லாரும் இருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன்.

"லுவா! எனக்கு மணம் தெரியல! நீ பாத்துச் சொல்லு!"

நானே எதிர்பார்க்காத சத்தம். கண்ணைத் திறந்தேன். விரால் மீனின் தலையில் அடிக்கக் கட்டையை ஓங்கியவள் ஓங்கிய கையோடு நிற்கிறாள். ஹான் அம்மா லாட்டரிச் சீட்டுகளைக் கீழே போட்டுவிட்டு அலறினாள்:

"ஐயோ, மறுபடியும் தின்னுட்டான்! புடிங்கடா!"

நாலு பேர் என் மேல் பாய்ந்தார்கள். ஒருவன் என் இமையைப் பிரித்துக் கருமணியைப் பார்த்தான். இன்னொருவன் தொண்டைக்குள் விரலை விடப் பார்த்தான். "நான் ஒண்ணும் திங்கல! அவ ஞாயித்துக்கெழம வர்றா! அதுக்குத்தான் சொல்லிப் பாக்குறேன்!" என்று கத்தினேன். "ஆமாமா, வருவா, வருவா" என்று முதுகைத் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நடத்திக்கொண்டு போய்விட்டார்கள். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து டாக்டரிடம் காட்டிய பிறகுதான் விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், லுவா. நாளைப் படகிலேயே ஏறிவிடு. நான் சுயபுத்தியோடுதான் கேட்டேன் என்று இங்கே ஒருவரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

தோவான்